படகுக்குக் கண்ணும் காதும்

மீன் பிடிப்பது நம் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று, கடல்தான் புதிது. வாய்க்காலிலும் ஆற்றோரத்திலும் தூண்டிலோடு உட்கார்ந்து பழகியவர்கள், இப்பொழுது மூன்று நான்கு பேராகப் பணம் சேர்த்து, பைபர் படகொன்றும் மோட்டாரொன்றும் வாங்கிக்கொண்டு கழிமுகத்தைத் தாண்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாகான் டத்தோ படகுத்துறையில் நின்று பார்ப்பவர்க்கு இது நன்கு விளங்கும். இவ்வாறு புறப்படுகிறவர்கள் எம்மிடம் வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “எந்த ஜி.பி.எஸ். வாங்கலாம்? எத்தனை அங்குலம்?” ஆங்கில வழியில் படித்த கிராணி என்பதால், வங்கிக் கடிதம் முதல் மருந்துச் சீட்டு வரை படித்துச் சொல்லும் உத்தியோகம் எமக்குச் சம்பளமின்றியே வாய்த்திருக்கிறது. அந்த வரிசையில் படகுக் கருவிகளின் விளக்கப் புத்தகமும் இப்பொழுது சேர்ந்துவிட்டது. தனித்தனியே பலருக்குச் சொன்னதை ஒருசேர எழுதிவிட்டால் சொல்லும் வேலையும் குறையும், கேட்பவருக்கும் பயன்படும் என்றே இதனை எழுதத் துணிந்தோம்.

அங்குலக் கணக்கை முதலில் ஒரு புறம் வைத்துவிடுவோம். கடையில் ஒரே பெட்டியாக விற்கப்படும் இச்சாதனத்துக்குள் இரண்டு வேறு கருவிகள் குடியிருக்கின்றன. சார்ட் பிளாட்டர் என்பது படகு இருக்கும் இடத்தைக் கடல் வரைபடத்தின்மேல் காட்டுவது. இதனைக் கண் எனலாம். பிஷ் பைண்டர் என்பது நீருக்குள் ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கேட்பது. இதனைக் காது எனலாம். இரண்டும் ஒரே திரையில் தோன்றுவதால் இரண்டையும் ஒன்றென மயங்குகிறோம். கண் ஏமாறும் விதம் வேறு, காது ஏமாறும் விதம் வேறு.

இடங்காட்டும் வேலையைச் செய்பவை வானத்துத் துணைக்கோள்கள். அமெரிக்கா தன் ராணுவத்தின் பொருட்டு 1978இல் முதல் ஜி.பி.எஸ். துணைக்கோளை ஏவியது. பிற்பாடு பொதுமக்களுக்கும் அதனைத் திறந்துவிட்டபொழுது, வேண்டுமென்றே பிழை கலந்து, நூறு மீட்டர் வரை தவறும்படி வைத்திருந்தது. அப்பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியனவும் வானத்தில் உள. திறந்த கடலில் சில மீட்டர் பிழைக்குள் படகின் இடம் தெரிந்துவிடும். இவ்விஷயத்தில் மலிவான பெட்டிக்கும் விலையுயர்ந்த பெட்டிக்கும் மீன் பிடிப்பவனுக்குத் தெரியும்படியான வேற்றுமை இல்லை. ஆகவே துல்லியம் என்ற பெயரால் கடைக்காரர் கூடுதல் விலை கேட்பாராயின், அதற்கு நாம் தலையசைக்க வேண்டுவதில்லை.

ஆனால் ஒரு குறை சிறு படகுக்கென விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கும் பொது. படகு நகர்ந்துகொண்டிருக்கும்பொழுது அது எத்திசையில் செல்கிறது என்பதைக் கருவி அறியும். நின்றுவிட்டால் அறியாது. இரண்டு இடங்களுக்கிடையேயுள்ள மாற்றத்தைக் கொண்டே திசையைக் கணக்கிடுவதால், நிற்கும் படகின் மூக்கு எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாமற் போகிறது. திரையிலுள்ள படகுச் சின்னம் பைத்தியம் பிடித்தாற்போல் சுழலும். மோட்டார் நின்று, மழை மறைத்து, கரை தெரியாத வேளையில் இதனைக் காண்பவன் கதி என்னவாகும்? சிறிய காந்தத் திசைகாட்டி ஒன்று படகில் இருந்தே தீர வேண்டும். அதற்கு மின்சாரமும் வேண்டாம், துணைக்கோளும் வேண்டாம்.

இனி, காதின் கதைக்கு வருவோம். 1912இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கிய பிறகு, நீருக்குள் ஒலியனுப்பித் தடையை அறிய முடியுமா என்று பல நாட்டாரும் ஆராய்ந்தனர். மறு ஆண்டிலேயே ஜெர்மானியரான அலெக்ஸாந்தர் பெம் எதிரொலியால் ஆழம் அளக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அம்முறையை மீன் தேடும் தொழிலுக்குத் திருப்பி, 1948இல் மீனவர் கையில் கொடுத்தவர்கள் ஜப்பானின் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த புருனோ சகோதரர்கள். இன்று பெரிய கப்பல்களிலும் சிறு படகுகளிலும் அவர்கள் பெயர் பொறித்த பெட்டிகளைக் காணலாம்.

இந்நாட்டிலோ யந்திரம் வருமுன்பே அந்தக் காது இருந்தது. கிழக்குக் கரை மலாய் மீனவர்களிடையே ஜூரு செலாம் என்பவர் உண்டு. படகிலிருந்து இறங்கி, தலையை நீருக்குள் அமிழ்த்தி, மீன் கூட்டம் எழுப்பும் ஓசையைக் கேட்பார். என்ன மீன், எந்தத் திசை, எவ்வளவு கூட்டம் என்று அவர் சொல்லியபின்னரே வலை இறங்கும். கெலாமா போன்ற மீன்கள் தம் காற்றுப்பையை அதிரச் செய்து உறுமும் இயல்புடையவை என்பதை அறிந்தவர்க்கு இதில் மாயம் ஒன்றுமில்லை. எம் படகுத்துறைக்கருகில் வசிக்கும் திரங்கானுக்காரரான முதியவர் ஒருவரை யாவரும் பாக் சூ என்றே அழைப்பர். தம் பாட்டனார் ஜூரு செலாமாக இருந்தவர் என்று சொல்வார். நாம் புதுக் கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டியபொழுது, வண்ணங்களைப் பார்த்து அவர் வியக்கவில்லை. “இதற்குச் சேறு எது, மணல் எது, கல் எது என்று தெரியுமா?” என்றார். கடைக்காரரிடம் நாம் கேட்டிருந்த பத்துக் கேள்விகளில் அது இல்லை.

தெரியும் என்பதே விடை. ஆனால் அதனைப் படிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும். படகின் அடியில் பொருத்தப்படும் டிரான்ஸ்டியூசர் என்னும் சிறு கட்டி, மனிதச் செவிக்குக் கேளாத ஒலியை நீருக்குள் அனுப்புகிறது. கடல் நீரில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் செல்லும். காற்றிற் செல்வதைக் காட்டிலும் நான்கு மடங்குக்கு மேல். பதினைந்து மீட்டர் ஆழத்தில் அடித்தரையை மோதித் திரும்ப, ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். அந்நேரத்தை அளந்து கருவி ஆழத்தைச் சொல்கிறது. தரை சேறாயின் ஒலியை விழுங்கிவிடும். திரையில் அடிக்கோடு மெலிந்து மங்கிக் காணும். கல்லாயின் கோடு தடித்துப் பிரகாசிக்கும். சில வேளை ஒலி மேலே வந்து நீர்மட்டத்தில் மோதி மீண்டும் கீழே சென்று திரும்புவதால், இரு மடங்கு ஆழத்தில் இரண்டாவது தரையொன்றும் தோன்றும். அந்தப் பொய்த்தரையைக் கண்டால் மகிழ வேண்டும். கீழே தரை கெட்டியாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. பேராக் ஆற்றின் வண்டல் பரந்து கிடக்கும் எம் பக்கத்துக் கடலில், கெராப்பும் ஜெனாஹாக்கும் தேடுகிறவன் மீனைத் தேடிப் பயனில்லை, கெட்டித் தரையைத்தான் தேட வேண்டும். பாக் சூவின் கேள்வியில் இவ்வளவும் அடங்கியிருந்தது.

மீன் தெரியும் விதமும் வேறு. ஒலி மீனின் தசையைக் காட்டிலும் அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பையில் மோதியே வலுவாகத் திரும்புகிறது. காற்றுப்பை இல்லாத மீன்கள் மங்கலாகவே தெரியும். சுறாவும் திருக்கையும் இவ்வினத்தவை; நம்மவர் ஆசைப்படும் தெங்கிரியும் இவ்வினமே. திரை வெறுமையாக இருக்கிறதே என்று இடத்தை விட்டுப் போனவனுக்குப் பின்னால் வந்தவன் தெங்கிரி பிடித்துச் சென்ற கதைகள் படகுத்துறையில் ஏராளம்.

திரையைப் பார்ப்பவர் பலரும் அதனை ஒரு புகைப்படமாக எண்ணுகிறார்கள். வலது ஓரத்தில் தோன்றும் ஒற்றைக் கோடே இந்த நொடியின் செய்தி. இடப்புறம் நகர்ந்து செல்வதெல்லாம் கடந்துபோனது. படகு மீனுக்கு மேலே செல்லும்பொழுது தூரம் முதலில் குறைந்து பிறகு கூடுவதால் வில் போன்ற வளைவு உண்டாகிறது. நங்கூரமிட்டு நிற்கும்பொழுதோ, ஒரே ஒரு சோம்பேறி மீன் படகின் அடியில் பத்து நிமிஷம் தங்கினாலும் திரையெங்கும் நீண்ட கோடாகப் படரும். அதனைப் பெருங்கூட்டமென்று எண்ணித் தூண்டிலை இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறோம். போதாக்குறைக்குக் கருவி செய்பவர்கள் மீன் சின்னம் என்றொரு வசதியை வைத்திருக்கிறார்கள். குப்பைக்கும் நுரைக்கும் மிதக்கும் இலைக்கும் சேர்த்து அழகான மீன் பொம்மைகளை அது வரைந்து காட்டும். வாங்கியவுடன் செய்யவேண்டிய முதற் காரியம் அதனை நிறுத்திவைப்பதே.

கருவி எவ்வளவு அகலம் பார்க்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒலி கூம்பு வடிவில் விரிகிறது. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்குக் கூம்பு குறுகியது. 50 கிலோஹெர்ட்ஸுக்கு அகன்றது. இருபது பாகைக் கூம்பானால், பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் அது காணும் வட்டம் நான்கு மீட்டருக்குச் சற்றே மேல். தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறை எவ்வளவோ அவ்வளவு. அந்த அறைக்கு வெளியே கடல் முழுதும் மீன் இருந்தாலும் காதுக்கு எட்டாது.

இதிலிருந்து எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. எமது படகு போன்றவை செல்வது நாற்பது மீட்டருக்குட்பட்ட நீரில். அடிகாணாத ஆழத்துக்கு வேண்டிய பெருஞ்சக்தியும், அதற்கேற்ற பெரிய டிரான்ஸ்டியூசரும் நமக்கு வீண். 200 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில், ஒரே ஒலியாக அனுப்பாமல் பல அதிர்வெண்களை வரிசையாக அனுப்பிக் கேட்கும் ‘சிர்ப்’ முறையுள்ள டிரான்ஸ்டியூசர் போதும். தரையை ஒட்டி நிற்கும் மீனைத் தரையிலிருந்து பிரித்துக் காட்டுவதில் அது பழைய முறையைவிட மேல். பக்கவாட்டிலும் பார்க்கும் ‘சைட் ஸ்கேன்’ வேண்டுமா என்பதில் எமக்கே இரண்டு மனம் உண்டு. 1975இல் கெடாவின் தெலோர்த் தீவருகே பழைய டயர்களைக் கொண்டு தொடங்கி, மீன்வளத் துறை பல இடங்களிலும் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறது. தென்னங்கீற்றுக் கட்டி மலாய் மீனவர் இறக்கும் உஞ்சாம்களும் உண்டு. ஆழமில்லா நீரில், மெதுவாகச் சென்று இவற்றைத் தேடுவதற்குச் சைட் ஸ்கேன் மெய்யாகவே பயன்படும். ஆனால் பிறர் பாடுபட்டு இறக்கிய உஞ்சாமைத் திரையிற் கண்டு, குறித்துக்கொண்டு, இரவில் போய்த் தூண்டில் போடுவது என்ன நீதி? இந்த ஐயத்தாலும், விலையாலும், நாம் அதனை வாங்கவில்லை.

கண்ணுக்குத் திரும்புவோம். இங்கேதான் உயிர் சம்பந்தமான விஷயம் இருக்கிறது.

வரைபடத்தில் ஓர் இடத்தில் 1 என்று எழுதியிருந்தால், அங்கே எப்பொழுதும் ஒரு மீட்டர் நீர் இருக்கும் என்பது பொருளன்று. கடல் மிகத் தாழ வற்றும் மட்டத்திலிருந்து அந்த எண் கணக்கிடப்படுகிறது. அதன்மேல் அவ்வேளைக்குரிய ஏற்றத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எம் கழிமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியையொட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் மூன்று மீட்டர் வரை வேறுபாடு உண்டு. வரைபடத்தில் கரைபோல் பச்சையாகத் தீட்டப்பட்ட திட்டின்மேல் ஏற்றத்தில் படகோட்டலாம்; அதே இடத்தில் ஆறு மணி நேரம் கழித்து நண்டு ஓடும்.

மேலும், அந்த எண்ணை அளந்தவர் யார், எப்பொழுது அளந்தார் என்று கேட்க வேண்டும். நம் நாட்டில் கடலளவைக்குப் பொறுப்பு கடற்படையைச் சேர்ந்த தேசிய நீர்வரைவியல் மையம். அது இண்டா தீவில் உள்ளது. துறைமுகங்களும் கப்பற் பாதைகளும் அடிக்கடி அளக்கப்படுவது இயல்பு. சிறு படகு மட்டுமே போகும் ஆற்றுவாய்க்கு அந்தப் பாக்கியம் எளிதில் கிடைப்பதில்லை. ஆறோ ஒவ்வொரு மழைக்கும் மணலை இடம் மாற்றிவைக்கிறது. கருவிக்குரிய வரைபடங்களை விற்கும் கம்பெனிகள் அரசாங்க அளவைகளையே பெரும்பாலும் அடிப்படையாகக் கொள்கின்றன. அட்டையின் வர்ணம் புதிது என்பதால் உள்ளிருக்கும் அளவையும் புதிது என்று எண்ணலாகாது. நல்ல வரைபடங்களில் எந்தப் பகுதியின் அளவை எவ்வளவு நம்பத்தக்கது என்ற குறிப்பே உண்டு. அதனைத் திறந்து பார்த்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்?

மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தோட்டத்து இளைஞர் மூவர் செம்பிலான் தீவுப் பக்கம் போய் இரவில் திரும்பினார்கள். நல்ல கருவி, எம்முடையதினும் பெரியது. காலையில் ஏற்றத்தில் வெளியேறிய வழி திரையில் கோடாகப் பதிந்திருந்தது. அதே கோட்டைப் பிடித்துக்கொண்டு வற்றத்தில் உள்ளே வந்தார்கள். கோடு மணற்றிட்டின்மேல் சென்றது. மோட்டார் மணலில் ஊன்றிக்கொள்ள, பின்னாலிருந்து வந்த அலை படகைக் குறுக்காகத் திருப்பிக் கவிழ்த்தது. இருவர் நீந்தி அலையாத்திக் காட்டைப் பிடித்தனர். மூன்றாமவனுக்கு வயது பத்தொன்பது. எம் அலுவலகத்தில் அவன் தாயார் சேமநிதிப் பாரத்தில் கையெழுத்திட்டபொழுது நாம் எதிரே உட்கார்ந்திருந்தோம். கருவி அன்று பொய் சொல்லவில்லை. கோடு இருந்த இடத்தில் கோடு இருந்தது, நீர் இல்லை.

படகின் மூக்கில் எலுமிச்சம்பழம் கட்டுவாரை நம் வாலிபர் நகைக்கிறார்கள், நகைக்கட்டும். ஆனால் அதே வாலிபர் ஒளிரும் திரையை அதே பக்தியோடு நம்புவதைக் காணும்பொழுது, பழம் போய்ப் பெட்டி வந்ததே தவிர மனம் இடம் மாறவில்லையோ என்று தோன்றுகிறது.

ஆகவே எம் படகில் ஒரு விதி உண்டு. பதிந்த ஒவ்வொரு வழிக்கும், அது எந்த ஏற்றத்தில் பதிந்தது என்பதைப் பெயரிலேயே எழுதிவிடுவோம். ஏற்ற வழி சிவப்பு, வற்ற வழி நீலம். தன் பிஷ் பைண்டர் அளந்த ஆழத்தைத் தானே வரைபடமாகத் தீட்டிக்கொள்ளும் வசதி இன்று நடுத்தர விலைக் கருவிகள் சிலவற்றிலும் உண்டு. சொந்த ஆற்றுவாயைச் சொந்தமாக அளந்து வைப்பதற்கு ஒப்பான செலவு வேறில்லை. கருவி தேர்ந்தெடுக்கும்பொழுது திரையின் அகலத்துக்கு முன்னால் இவ்வசதியைக் கேட்டோம்.

இனி எம் படகின் கருவி தேர்ந்த விதம். படகு மூவருக்குச் சொந்தம். ஒருவர் தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர். வயது ஐம்பதுக்கு மேல். மற்றவர் எண்ணெய் ஆலையில் பிட்டராக இருக்கும் எம் மைத்துனர். மூன்றாவது நாம். ஓட்டுநர் எம்மைக் கரையில் ‘ஐயா’ என்பார். படகில் ஏறிவிட்டால் ‘தம்பி’ என்பார். அதனை அவர் எண்ணிச் செய்கிறாரோ, தானே வருகிறதோ அறியோம். எமக்கோ படகுப் பெயரே பிடித்திருக்கிறது.

மைத்துனர் விரும்பியது ஒன்பது அங்குலத் திரை. விசைகளே இல்லாமல் முழுதும் விரலால் தடவி நடத்துவது. கடையில் அது கண்ணைப் பறித்தது என்பதை மறுக்க முடியாது. அவர் கைப்பேசி தடவிப் பழகிய தலைமுறை. ஓட்டுநர் அண்ணன் அதனைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, ராத்திரி மழையில, மீன் கொழுப்பு ஒட்டுன கையோட இந்தக் கண்ணாடியைத் தடவிக்கிட்டு நிக்க முடியுமா?” என்றார். விற்பனையாளர் முடியும் என்றார். நாம் குடிதண்ணீர்ப் புட்டியைத் திறந்து, கடைக்காரரின் அனுமதியோடு, மாதிரிக் கருவியின்மேல் சில துளிகள் தெளித்தோம். வரைபடம் தானே பெரிதாயிற்று, தானே சிறிதாயிற்று, பிறகு எங்கோ ஓடியது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இக்கரையில் விடியற்காலையில் வீசும் சுமத்ராக் காற்றில், மழைத்துளிகளே கருவியை ஓட்டிக்கொண்டிருக்கும் என்பது விளங்கிவிட்டது. விசைகளும் உள்ள ஏழு அங்குலக் கருவிக்கு மூவரும் உடன்பட்டோம்.

ஓட்டுநர் அண்ணன் அத்தோடு விடவில்லை. வீடு திரும்பும் வழியில், “எல்லாம் இங்கிலீஷுல இருக்கு. நீங்க தண்ணியில விழுந்துட்டா இதை யாரு பார்க்கிறது?” என்றார். கேலியாகச் சொன்னதுபோல் இருந்தது. ஆனால் இக்கருவியைப் பற்றி நாம் கேட்ட வார்த்தைகளில் மிகக் கனமானது அதுவே. படித்தவன் ஒருவன் கையில் அறிவிருக்க, மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்து நிற்பது தோட்டத்தில் நெடுங்கால வழக்கம். அலுவலக மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நம் பாட்டன்மார் நின்ற வழக்கம் அது. அதனைப் படகிலும் ஏற்றிக்கொண்டு போனால், ஒருவன் தவறி விழுந்த இரவில் மூவரும் போக நேரிடும்.

இருநூறு பக்க விளக்கப் புத்தகத்திலிருந்து இன்றியமையாத பதினொரு காரியங்களைப் பொறுக்கி, ஒரு பள்ளிக்கூட நோட்டில் தமிழில் எழுதினோம். விசையின் படத்தை வரைந்து, எதனை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று குறித்தோம். ஆள் விழுந்தால் அந்த இடத்தை உடனே குறிக்கும் விசை முதற் பக்கம். வந்த வழியே திரும்புவது இரண்டாவது. ஆழம் இரண்டு மீட்டருக்குக் குறைந்தால் கூவும்படி வைப்பது மூன்றாவது. பிளாஸ்டிக் உறையிலிட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் தொங்கவிட்டிருக்கிறோம். பிறகு, ஆற்றுக்குள்ளேயே, ஓட்டுநர் அண்ணன் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு முதல் விசையைத் தடவி அழுத்தும் வரை பழகினோம். ஒரு பழைய தகர டப்பாவை நீரில் எறிந்துவிட்டு, அதற்குத் திரும்பி வர அவருக்கு முதலில் ஏழு நிமிஷம் ஆயிற்று. இப்பொழுது இரண்டுக்கும் குறைவு. எம்மைவிட அவரே விரைவு என்பதைச் சொல்லியாக வேண்டும். டிராக்டரைப் பின்னோக்கி ஓட்டிப் பழகிய கை.

பொருத்துவதைப் பற்றி விரிவாக எழுத வேண்டுவதில்லை. ஆயினும் பாதிப் பேர் பணத்தைக் கோட்டைவிடுவது இங்கேதான். டிரான்ஸ்டியூசர் படகின் பின்பலகையில், புரொப்பெல்லர் கலக்கும் நுரைக்கு எட்டாத இடத்தில், ஓட்டத்திலும் நீருக்குள்ளேயே இருக்கும்படி அமைய வேண்டும். காற்றுக் குமிழி ஒலியைத் தின்றுவிடும். கருவி விற்ற கடை அனுப்பிய ஆள், வசதியான இடம் என்று சொல்லி மோட்டாருக்கு அருகிலேயே துளையிட்டுப் போய்விட்டார். பத்து நாட்டுக்கு மேல் வேகம் கூடினால் ஆழத்தின் எண்ணே மறைந்துவிடும். திரும்பத் திரும்பச் சொல்லியும் கருவியில்தான் பழுது என்றார்கள். மைத்துனர் தாமே துளையை அடைத்து, ஒரு முழம் தள்ளிப் பொருத்தினார், பழுது போயிற்று. மின்சாரமும் அவ்வாறே. மோட்டாரைக் கிளப்பும் பாட்டரியிலிருந்தே கருவிக்கும் எடுத்தால், கிளப்பும் நொடியில் அழுத்தம் விழுந்து கருவி அணைந்து மீண்டும் எழும். தனியாகச் சிறு பாட்டரியும், இடையில் ஒரு பியூஸும் வைப்பது நலம்.

செலவுக் கணக்கையும் மறைக்க வேண்டியதில்லை. எங்களிடம் இருந்தது ஐயாயிரம் வெள்ளி. மூன்று வீட்டுப் பெண்களின் சீட்டுப் பணமும் அதில் அடக்கம். கருவிக்கும் டிரான்ஸ்டியூசருக்குமாகச் சற்றேறக்குறைய மூவாயிரம் போயிற்று. ஒன்பது அங்குலத்துக்குப் போயிருந்தால் முழுதும் அதற்கே தீர்ந்திருக்கும். மிச்சத்தில் வரைபட அட்டை, பாட்டரி, திசைகாட்டி, கையில் ஏந்தும் வி.எச்.எப். வானொலி, மூன்று லைப் ஜாக்கெட்டுகள். பதினாறாம் அலைவரிசையில் அபாயச் செய்தி சொல்வது எப்படி என்பது நோட்டில் நான்காம் பக்கம். சீட்டுப் பணம் கொடுத்த பெண்கள் கருவியை வந்து பார்த்தார்கள். திரையைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. லைப் ஜாக்கெட்டின் வார்களை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள்.

இன்னும் தீராத விவாதம் ஒன்று இருக்கிறது. மைத்துனருக்குத் தெங்கிரிக்காக ஜாராக் தீவு வரை போக ஆசை. இங்கிருந்து ஏறக்குறைய நாற்பது கடல் மைல். பெருங்கப்பல்கள் செல்லும் பாதைக்கு அருகில் உள்ள இடம். மலாக்கா நீரிணையில் ஆண்டுக்கு 80,000 கப்பல்களுக்கு மேல் போய் வருகின்றன. அவை தம் பெயரையும் இடத்தையும் ஏ.ஐ.எஸ். என்னும் வானொலி முறையால் ஓயாமல் அறிவித்துக்கொண்டே செல்கின்றன. அதனை வாங்கும் கருவியை எம் பெட்டியோடு இணைத்தால் கப்பல்கள் நம் திரையில் தெரியும். ஆனால் நாம் அவற்றுக்குத் தெரியமாட்டோம். தெரிய வேண்டுமாயின் ஒலிபரப்பும் கருவியும் வேண்டும். அதன் விலை வேறு. வாங்கும் கருவியே போதும், நாம் விலகிக்கொள்ளலாம் என்பது மைத்துனர் கட்சி. மோட்டார் நின்றுவிட்டால் எப்படி விலகுவது என்பது ஓட்டுநர் அண்ணன் கட்சி. எம் ஓட்டு அண்ணனுக்கே. வைகாசியில் சீட்டு எம் வீட்டு முறைக்கு வருகிறது. அதுவரை செம்பிலான் தீவுகளுக்கு அப்பால் போவதில்லை என்று மூவரும் பேசிவைத்திருக்கிறோம்.